பிடிக்காத நூலைப் பற்றிப் பேசுவதும் எழுதுவதும் எப்படி?

சென்னையில் ஒரு நூலைப் பாராட்டிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. வெளியீட்டு விழா மேடையில் வாழ்த்துரை வழங்குபவர் நூலை முழுவதும் படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. பொன்னாடை போர்த்தியாகிவிட்டால் நூலும் சிறந்த நூலாகிவிடுகிறது. கூட்டம் முடிந்து, வெளியே தேநீருடன் நிற்கும்போதுதான், "அறுபது பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை", "இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்றே விளங்கவில்லை" என்ற பேச்சுகள் எழுகின்றன. மேடைப் பேச்சில் சான்று இருப்பதில்லை. தேநீர்ப் பேச்சிலும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் பின்னது மனத்திலிருந்து வருகிறது என்பதால் அதைச் சீர்செய்ய இயலும். அந்தப் பேச்சைச் சபையில் சொல்லத்தக்கதாகவும், எழுத்தில் நிற்கத்தக்கதாகவும் ஆக்குவது எப்படி என்பதை, வாசகர் வட்டங்களில் பேசுவோரையும் மதிப்புரை எழுதத் தொடங்குவோரையும் மனத்தில் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

அடிப்படை விதி ஒன்றே. நூல் உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதை, அதே நூலை விரும்பும் ஒருவர் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கக்கூடிய வகையில் சொல்ல வேண்டும். அவர் உங்கள் தீர்ப்பை ஏற்க வேண்டுமென்பதில்லை. நீங்கள் சுட்டிய பக்கத்தில் நீங்கள் சொன்ன செய்தி இருக்கிறது என்பதை அவரால் மறுக்க முடியாமல் இருந்தால் போதும். பின்வரும் அனைத்தும் இந்த ஒரு விதியை நடைமுறைப்படுத்தும் வழிகளே.

படிக்கும்போதே குறித்துக்கொள்ளுதல்

ஒரு நூல் கடைசிப் பக்கத்தை மூடிய பிறகு பிடிக்காமல் போவதில்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ ஓரிடத்தில் அது நிகழ்ந்துவிடுகிறது, நாம்தான் அந்த இடத்தைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். ஆகவே சொந்தப் படியாக இருந்தால் ஓரத்தில் பென்சிலாலும், நூலகப் படியாக இருந்தால் தனித் துண்டுத்தாளிலும், மனம் விலகிய பக்கத்தின் எண்ணையும் அப்போது தோன்றிய காரணத்தையும் இரண்டு மூன்று சொற்களில் குறித்துவிட வேண்டும். "முன்பே சொன்னார்", "இவன் ஏன் இங்கே வந்தான்?", "நம்ப முடியவில்லை" என்ற அளவுக்குக் குறிப்பு இருந்தால் போதும். நூலை முடித்துச் சில நாள் கழித்து இந்தக் குறிப்புகளை வரிசையாகப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். குறிகள் எல்லாம் முதல் ஐம்பது பக்கங்களில் மட்டும் இருந்து பிறகு மறைந்திருந்தால், அந்த நடைக்கு நீங்கள் பழகிக்கொள்ள நேரம் எடுத்தது என்று பொருள். அதை நூலின் குறையாக எழுதக்கூடாது. கடைசி மூன்றிலொரு பங்கில் அவை குவிந்திருந்தால் கட்டமைப்பில் கோளாறு உண்டு. நூல் முழுவதும் சீராகப் பரவியிருந்தால் மொழியையோ பார்வையையோ சந்தேகிக்க வேண்டும்.

எந்தச் சூழலில் படித்தீர்கள் என்பதையும் நேர்மையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் நின்றுகொண்டே, நிலையத்துக்கு நிலையம் நான்கு பக்கமாகப் படித்த ஒரு நாவலில் "கதைமாந்தர் மனத்தில் பதியவில்லை" என்று குறைகூறுவது முறையன்று. இருபது முப்பது கதைமாந்தர் உலவும் நூலை அப்படிப் படித்தால் எவர் எழுதியிருந்தாலும் பதியாது. விருது அறிவிப்பைக் கேட்டு வாங்கிய நூலும், சனவரிப் புத்தகக் காட்சியில் நந்தனம் வளாகத்துக் கூட்டத்தில் அட்டையைப் பார்த்துப் பத்து விழுக்காடு கழிவில் அள்ளிக்கொண்டு வந்த நூலும், நாம் எதிர்பார்த்ததைத் தராததற்காகவே பழி சுமப்பதுண்டு. எதிர்பார்ப்பை உருவாக்கியது பின்னட்டை வாசகம் என்றால் அதைக் கண்டிக்கலாம். ஆனால் அதை எழுதியவர் பெரும்பாலும் பதிப்பாளர், ஆசிரியர் அல்லர்.

நூலை முடிக்காமல் கைவிட்டவருக்கும் பேசும் உரிமை உண்டு. எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிந்தைய பக்கங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்பவை மட்டுமே நிபந்தனை.

கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே மிகுதி. 1851-ஆம் ஆண்டு ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' நாவல் முதலில் இலண்டனில் 'திமிங்கலம்' என்ற பொருள்படும் வேறு பெயரில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தபோது, அதன் பின்னுரை அச்சாகாமல் விடுபட்டுப்போயிற்று. கப்பல் மூழ்கிய பிறகு கதைசொல்லி ஒருவன் மட்டும் எப்படித் தப்பினான் என்பதைச் சொல்வது அந்தப் பின்னுரைதான். அது இல்லாத படியைப் படித்த ஆங்கிலேய மதிப்புரையாளர்கள், எல்லோரும் மாண்டுபோன கதையை யார் வந்து சொல்கிறார்கள் என்று ஆசிரியரைக் கண்டித்தார்கள். அவர்கள் நேர்மையாகவே படித்தார்கள், கேட்ட கேள்வியும் நியாயமானதே. குற்றம் அச்சகத்தில் நேர்ந்தது.

நம்மிடையே இந்த ஆபத்து இன்னும் கூடுதல். லஸ் முனை நடைபாதையிலோ, 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு சென்ட்ரல் அருகே லில்லி பாண்ட் வளாகத்துக்குப் பெயர்ந்த கடைகளிலோ வாங்கும் பழைய படிகளில், ஒரு பாரம் (சேர்த்து அச்சிட்டு மடித்த பக்கங்களின் தொகுப்பு) முழுவதும் விடுபட்டோ இரட்டித்தோ கட்டப்பட்டிருப்பதுண்டு. கதை திடீரென்று தாவினால் முதலில் பக்க எண்களைப் பாருங்கள். பதினாறு பக்கம் காணாமல் போயிருந்தால் அது ஆசிரியரின் புதுமை உத்தி அன்று. சுருக்கப் பதிப்புகள் தம்மைச் சுருக்கப் பதிப்பு என்று அட்டையில் அறிவிக்காமல் உள்ளே சிறிய எழுத்தில் ஒளித்துவைப்பதும் உண்டு. மொழிபெயர்ப்பு நூலாயின் எந்த மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டது என்பதை உரிமைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். பிரெஞ்சு நாவல் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்திருந்தால், "நடை உயிரற்றது" என்ற உங்கள் குறையை மூவரில் யார்மேல் சுமத்துவது என்பதை ஒரு முறைக்கு இரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரிபார்க்கும் வசதி சென்னைக்கு இருப்பதுபோல் தமிழகத்தின் பிற ஊர்களுக்கு இல்லை. எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம், 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி ஒன்றைப் பெறும் நூலகங்களுள் ஒன்று. பழைய வார, மாத இதழ்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஒரு நூலைக் கடுமையாகக் கண்டித்து எழுதப் போகிறீர்கள் என்றால் அரை நாள் செலவழித்து வேறு பதிப்பு ஒன்றைப் புரட்டிப் பார்ப்பது பெரிய விலை அன்று.

தொடராக வந்த கதையைத் தொடராகவே எண்ணுதல்

தமிழின் புகழ்பெற்ற நாவல்களில் பல, வார இதழ்களில் தொடராக வந்தவை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் முன்கதையை நினைவூட்டுவதும், ஒவ்வொரு முடிவிலும் கதவு தட்டப்படுவதோ விளக்கு அணைவதோ நிகழ்வதும், ஒரு வாரம் காத்திருந்த வாசகருக்கு உதவின; ஒரே மூச்சில் படிக்கும் இன்றைய வாசகரை அவையே எரிச்சலூட்டுகின்றன. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வந்த 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் நீண்டும், முடிந்த விதத்தில் வாசகர் பலருக்கு மனநிறைவு ஏற்படவில்லை. கதைமாந்தர் பின்னால் என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்குக் கல்கி முடிவுரையில் விடை சொல்ல வேண்டியதாயிற்று. இத்தகைய நூலில் 'திரும்பத் திரும்பச் சொல்கிறார்' என்று எழுதுவதில் தவறில்லை. தொடர் வடிவத்தால் நேர்ந்த திரும்பக் கூறலையும், ஆசிரியருக்குச் சொல்ல வேறு இல்லாததால் நேர்ந்த திரும்பக் கூறலையும் பிரித்து எழுதினால் அது விமர்சனமாகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நூலாக்கும்போது இந்த இடங்களைச் செப்பனிடாமல் அப்படியே கட்டி விற்ற பதிப்பாளர்களை நாம் மிக எளிதாக விட்டுவிடுகிறோம்.

குறைக்குப் பெயர் சூட்ட நன்னூலைத் துணைகொள்ளுதல்

"போர் அடிக்கிறது", "இழுவை", "ஒட்டவில்லை" என்ற மூன்று சொற்களுக்குள் நம் விமர்சனமெல்லாம் அடங்கிவிடுகின்றது. இது வியப்புக்குரியது, ஏனென்றால் ஒரு நூலில் வரக்கூடிய குற்றங்களைத் துல்லியமாகப் பெயரிட்டுத் தந்த மரபு நம்முடையது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், தன் பாயிரத்தில் பத்துக் குற்றங்களை அடுக்குகிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்த இந்தப் பட்டியலை நாம் பிறகு எதற்கும் பயன்படுத்துவதில்லை. உங்கள் துண்டுத்தாளில் உள்ள ஒவ்வொரு குறிக்கும் எதிரே இவற்றுள் ஒன்றை எழுதிப் பாருங்கள்; மங்கலாக இருந்த எரிச்சல் தெளிவான வடிவம் பெறுவதைக் காண்பீர்கள்.

சென்று தேய்ந்து இறுதல் என்பதையே எடுத்துக்கொள்வோம். சிறப்பாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, எங்கோ நின்றுபோவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. துப்பறியும் நாவல்களின் மேல் வாசகர் கொள்ளும் சினம் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. முந்நூறு பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டுக் கடைசிப் பத்துப் பக்கத்தில் குற்றவாளியே வந்து எல்லாவற்றையும் ஒப்புவிக்கும்போது, வாசகர் தம் உழைப்புக்கு மதிப்பளிக்கப்படவில்லை என்று உணர்கிறார். வெற்றெனத் தொடுத்தல் வேறு வகை: அழகான சொற்கள் வரிசையாக நிற்கும், அவற்றை எடுத்துவிட்டால் அடியில் ஒன்றும் இராது. நிலவையும் மழையையும் பற்றிய வருணனையை நீக்கிப் படித்துப் பார்த்து, காட்சியில் ஏதும் குறையவில்லையென்றால் அந்த இடத்துக்கு இந்தப் பெயர் பொருந்தும். தன்னம்பிக்கை நூல்களைப் பலர் வெறுப்பதற்குக் கூறியது கூறலும் நின்று பயன் இன்மையும் சேர்ந்தே காரணம். இருபது பக்கக் கட்டுரைக்குரிய ஒரு கருத்தை இருநூறு பக்கத்துக்கு நீட்டி, இடையிடையே எவரோ ஒரு செல்வந்தர் விடியற்காலையில் எழுந்த கதையைச் சொல்லி நிரப்புகிறார்கள். மாறுகொளக் கூறலை, அதாவது முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வதைக் கண்டுபிடித்தால் இரண்டு பக்க எண்களையும் தந்துவிடுங்கள், அதற்கு மேல் வாதம் தேவையில்லை. வழூஉச்சொல்லை, அதாவது பிழையான சொல்லைப் பொறுத்தவரை, மெய்ப்புப் பார்க்காததால் நேர்ந்த அச்சுப் பிழைக்கும் ஆசிரியரே சொல்லைத் தவறான பொருளில் ஆள்வதற்கும் உள்ள வேறுபாட்டை மறக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பவணந்தி மனத்தில் கொண்டது இலக்கண, சாத்திர நூல்களை. நாவலையும் புதுக்கவிதையையும் அவர் கண்டவர் அல்லர். மயங்க வைத்தல் இலக்கண நூற்பாவில் குற்றம், கவிதையில் பல நேரம் அதுவே உயிர். மற்றொன்று விரித்தலும் அப்படியே. முன்பு சொன்ன 'மோபி டிக்'கில் கதை நகராமல் நின்று திமிங்கலத்தின் உடலமைப்பையும் வேட்டைக் கருவிகளையும் விவரிக்கும் அத்தியாயங்களுக்காகவே அதைத் தூக்கியெறிந்த வாசகர் உண்டு. அவற்றுக்காகவே அதை மீண்டும் மீண்டும் படிப்பவரும் உண்டு. ஆகவே குற்றத்தின் பெயரைச் சொல்வதோடு நில்லாமல், அது இந்த நூலில் ஏன் குற்றமாகிறது என்பதற்கு ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அந்த வாக்கியம் வரவில்லையென்றால் அது குற்றமாக இல்லாமலிருக்கக்கூடும்.

மொழி கடினம் என்ற புகார்

சென்னை வாசகர்கள் அடிக்கடி எழுப்பும் புகார் இது: வட்டார வழக்கு புரியவில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பேச்சோ, கொங்குப் பேச்சோ, நாஞ்சில் நாட்டுப் பேச்சோ உரையாடலில் நிறைந்திருந்தால் முதல் சில அத்தியாயங்கள் வேகம் குறையத்தான் செய்யும். அதை நூலின் குறையாகக் கூறுவதற்கு முன் கைக்கெட்டும் உதவியை நாட வேண்டும். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே தொகுத்திருக்கிறார். கொங்கு வட்டாரத்துக்குப் பெருமாள்முருகன் தொகுத்த சொல்லகராதி இருக்கிறது. மயிலாப்பூர் வீட்டுப் பேச்சையோ ராயபுரத்துத் தெருப் பேச்சையோ குறிப்பு எதுவும் இல்லாமல் மற்ற மாவட்டத்தார் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். வழக்குச் சொல் உரையாடலில் இயல்பாக வருகிறதா, அன்றி ஆசிரியர் கூற்றில் காட்சிப்பொருளாக அடுக்கப்பட்டிருக்கிறதா என்பதே கேட்கத்தக்க கேள்வி. இரண்டாவது உண்மையானால் தாராளமாகக் கண்டிக்கலாம்.

ரஷ்ய நாவல்களில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வருவதால் குழம்பி நூலை மூடியவர்கள், பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கலாம். அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லைதான்.

கதைமாந்தர் செய்தது பிடிக்கவில்லையா, கதை பிடிக்கவில்லையா?

இந்த ஓர் இடத்தில்தான் தமிழ் வாசகர்களின் கோபம் வரலாற்றில் பலமுறை வெடித்திருக்கிறது. ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' சிறுகதை 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்தபோது வாசகர்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. முன்பின் அறியாதவன் காரில் ஏறி, அவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரி மாணவியின் தலையில் தாய் நீரை ஊற்றி, "நீ சுத்தமாகிவிட்டாய்" என்று ஏற்றுக்கொள்வதோடு கதை முடிகிறது. எதிர்த்தவர்களில் பலருக்கு உறுத்தியது கதையின் அமைப்பன்று. அந்தத் தாய் எடுத்த முடிவு. ஜெயகாந்தன் அந்த முடிவைத் தலைகீழாக்கி, தாய் அலறி ஊரைக் கூட்டிவிட்டால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்பதை 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலாக எழுதினார். 1972-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எதிர்ப்பாளர்கள் வேண்டிய முடிவு எவ்வளவு கொடியது என்பதை அந்த நாவல் பக்கம் பக்கமாகக் காட்டுகிறது. ஒரு கண்டனத்துக்கு எழுத்தாளர் தந்த மறுமொழிகளில் இதற்கு இணையாகத் தமிழில் வேறொன்றை நான் அறியேன்.

ஆகவே ஒரு நூலில் உள்ள சாதிப் பேச்சோ, பெண்களை இழிவுபடுத்தும் வரியோ உங்களை வெகுண்டெழச் செய்தால், அந்த வரியை நூலில் யார் சொல்கிறார் என்பதை முதலில் குறியுங்கள். கதைமாந்தர் ஒருவர் சொல்லி, கதை அவரைக் கேள்விக்குள்ளாக்குகிறதா? கதைசொல்லியே சொல்கிறாரா? கதைசொல்லி சொன்னாலும், நம்பத்தகாத கதைசொல்லியாக ஆசிரியர் அவரைப் படைத்திருக்கிறாரா? இந்த மூன்று கேள்விக்கும் விடை கண்ட பிறகும், ஆசிரியரே அந்த இழிவுக்குத் துணைநிற்கிறார் என்று தோன்றினால், அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பழைய நூல் என்பதற்காகத் தயங்க வேண்டியதில்லை. "தொன்மையவாம் எனும் எவையும் நன்று ஆகா, இன்று தோன்றிய நூல் எனும் எவையும் தீது ஆகா" என்று சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் பதினான்காம் நூற்றாண்டிலேயே அவையடக்கமாகச் சொல்லிவைத்திருக்கிறார்.

எழுதும்போது

முதல் பத்தியில் நூல் எதைச் செய்ய முயல்கிறது என்பதை, அதை விரும்புகிறவரும் தலையசைக்கும்படி எழுதுங்கள். இது கடினமான பகுதி. பெரிய எழுத்தாளர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். 1906-இல் வெளியான நீண்ட கட்டுரையில் ஷேக்ஸ்பியரைச் சாடிய தால்ஸ்தோய், ரஷ்யன், ஆங்கிலம், ஜெர்மன் மூன்றிலும் அவரைப் பலமுறை படித்தவர். ஆகவே படிக்காமல் பேசினார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் 'லியர் மன்னன்' கதையை அவர் காட்சி காட்சியாகச் சுருக்கிச் சொல்லும் விதமே அதைக் கேலிக்குரியதாக்கிவிடுகிறது என்பதை 1947-இல் ஜார்ஜ் ஆர்வெல் எடுத்துக்காட்டினார். எந்தப் பெருங்கதையையும் வேண்டுமென்றே தட்டையாகச் சுருக்கினால் அது அபத்தமாகத்தான் தெரியும். உங்கள் கதைச்சுருக்கத்தை, நூலைப் படித்து விரும்பிய நண்பர் ஒருவரிடம் காட்டுங்கள். "கதை இதுதான்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த பத்திக்குச் செல்லுங்கள்.

அடுத்து, ஒன்றோ இரண்டோ இடங்களை மட்டும் தேர்ந்து அவற்றை முழுமையாக ஆராயுங்கள். 1895-இல் மார்க் ட்வெயின், ஃபெனிமோர் கூப்பரின் நாவல்களைக் கிண்டலடித்து எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுவதற்குக் காரணம் அதன் வசைகள் அல்ல. ஆற்றில் மெதுவாகச் செல்லும் ஒரு நீண்ட படகின்மேல் மரக்கிளையிலிருந்து குதிக்கும் ஆறு பேரில் ஐவர் படகைத் தவறவிட்டுத் தண்ணீரில் விழும் ஒரே காட்சியை எடுத்துக்கொண்டு, படகின் நீளத்தையும் ஆற்றின் அகலத்தையும் கணக்கிட்டு, அது நடக்கவே இயலாது என்று அவர் நிறுவுகிறார். படிப்பவர் சிரித்துக்கொண்டே சான்றைப் பெற்றுக்கொள்கிறார்.

நமக்கு அத்தனை நகைச்சுவை கைவராமல் போகலாம், ஆனால் கணக்கு வரும். "நடுப்பகுதி ஒரே இழுவை" என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை இப்படி மாற்றலாம்: "ஊரைவிட்டுப் புறப்படுவதென்று நாயகி 60-ஆம் பக்கத்தில் முடிவெடுக்கிறாள், 210-ஆம் பக்கத்தில்தான் பேருந்தில் ஏறுகிறாள், இடைப்பட்ட ஐந்து அத்தியாயங்களில் அந்த முடிவை உறுதிப்படுத்தவோ குலைக்கவோ எதுவும் நிகழவில்லை." முதல் வாக்கியத்தோடு சண்டையிடலாம், உடன்படலாம், வேறொன்றும் செய்ய இயலாது. இரண்டாவதைப் படிப்பவர் நூலை எடுத்துப் பார்ப்பார். ஒருவேளை, "அந்த ஐந்து அத்தியாயங்களில்தான் அவளுடைய தயக்கம் இருக்கிறது" என்று உங்களுக்கே காட்டித் தருவார். உரையாடல் அங்கேதான் தொடங்குகிறது.

'குப்பை', 'காகித விரயம்', 'உலகத் தரம் இல்லை' என்ற தொடர்களை அடித்துவிடலாம். கடைசித் தொடர் குறிப்பாகப் பயனற்றது, உலகத்தின் எந்த நூலோடு ஒப்பிடுகிறார் என்பதை எழுதுபவர் சொல்வதே இல்லை. இணையக் கடைகளில் ஐந்துக்கு ஒன்று என்று விண்மீன் குத்திவிட்டு வருவதும் இதே வகை. அஞ்சல் தாமதமானதற்கும், அட்டை கசங்கியிருந்ததற்கும், முடிவு சோகமாக இருந்ததற்கும் ஒரே ஒற்றை விண்மீன் விழுகிறது. பதிப்புரிமையைப் பற்றிய அச்சம் வேண்டாம். விமர்சனத்துக்காக நூலின் பகுதிகளை நியாயமான அளவில் மேற்கோள் காட்டுவதை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

ஆசிரியர் முன்வரிசையில் அமர்ந்திருந்தால்

தமிழ் இலக்கிய உலகம் சிறியது, சென்னையில் இன்னும் சிறியது. நீங்கள் குறைகூறப் போகும் நாவலின் ஆசிரியர், கூட்டத்துக்கு வந்திருக்கக்கூடும். வராவிட்டாலும் அவருடைய நண்பர் வந்திருப்பார். அதற்காகக் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தியபோது, ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்களே அதில் ஒருவர் படைப்பை மற்றவர் கடுமையாக ஆராய்ந்தார்கள்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதை, எதிர்பாராத இடத்தில், சட்டநூல் மிகத் தெளிவாகச் சொல்கிறது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அவதூறுப் பிரிவான 499-இல் ஆறாவது விதிவிலக்கு, பொதுமக்கள் தீர்ப்புக்கு முன்வைக்கப்பட்ட படைப்பைப் பற்றியது. இப்போது நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. அங்கே தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டின்படி, "இந்த நூல் அறிவற்றது, ஆகவே இதை எழுதியவர் அறிவு குறைந்தவராகத்தான் இருக்க வேண்டும்" என்று ஒருவர் நல்லெண்ணத்துடன் சொன்னால் அது அவதூறாகாது, ஏனெனில் நூலில் வெளிப்படும் அளவுக்கு மட்டுமே அவர் ஆசிரியரின் குணத்தைப் பேசுகிறார். "இவர் ஒழுக்கங்கெட்டவர், ஆகவே நூல் இப்படி இருப்பதில் வியப்பில்லை" என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. நூலிலிருந்து ஆசிரியரை நோக்கிச் செல்லலாம்; ஆசிரியரின் வாழ்க்கையிலிருந்து நூலை நோக்கி வரக்கூடாது. நம் கூட்டங்களில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்தத் திசையை மாற்றிப்போடுவதால் விளைபவை.

பிடிக்காத நூலை எவரும் படிக்கவே கூடாது என்று கோருவது விமர்சனத்தின் எல்லைக்குள் வராது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்து, 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பி, தம்முள் இருந்த எழுத்தாளர் இறந்துவிட்டதாக அவர் 2015 சனவரியில் அறிவிக்கும் நிலைக்குப் போன வரலாறு அனைவரும் அறிந்தது. 2016 சூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, படிப்பதும் படிக்காமலிருப்பதும் வாசகரின் தேர்வு, பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கியெறியலாம், படித்தே ஆக வேண்டுமென்று கட்டாயம் எதுவும் இல்லை என்று கூறி, ஆசிரியரை மீண்டும் எழுதச் சொன்னது. அந்த நாவலை இலக்கிய அளவுகோலால் குறைகூற விரும்பியவர்கள் அன்று பேச இடமே இல்லாமற்போயிற்று என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மிரட்டப்படும் நூலைப் பற்றி நேர்மையான எதிர்க்கருத்துச் சொல்பவரும் மிரட்டுபவர் பக்கம் நிற்பவராகத் தெரிவார். அத்தகைய நேரத்தில் மதிப்புரையை ஒத்திப்போடுவதே என் பரிந்துரை.

வாசகர் வட்டத்தில் 'பிடிக்காத நூல்' என்று ஒரு மாத அமர்வு வைப்பதானால், ஒரே நூலுக்கு எதிராக ஒருவரும் ஆதரவாக ஒருவரும் பேசுமாறு முன்னதாகவே பிரித்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே பதிப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லையேல் பக்க எண்களைத் தேடுவதிலேயே மாலை கழிந்துவிடும். முதல் அமர்வுக்கு மறைந்த எழுத்தாளரின் நூலையோ மொழிபெயர்ப்பையோ எடுத்தால் மனத்தாங்கல் குறையும்.

உங்கள் கட்டுரைக்கு மறுப்பு வந்தால், அதில் பக்க எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீங்கள் இல்லை என்று சொன்னது 143-ஆம் பக்கத்தில் இருக்கிறது என்று ஒருவர் காட்டினால், கட்டுரை வெளிவந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிட வேண்டும். மற்ற கருத்துகள் நிற்குமானால் அவற்றை அப்படியே விட்டுவிடலாம். பக்க எண் இல்லாமல் உங்கள் தகுதியையும் வயதையும் பற்றி மட்டும் அதில் எழுதியிருந்தால் மறுமொழி தேவையில்லை.